முதலில் கோப்பு, பிறகு சேஸிஸ்: தனியாகக் கட்டிய வாகனத்துக்குச் சாலைச் சான்று பெறும் வழி

பட்டறையில் வாகனம் ஓடத் தொடங்கிய பிறகுதான் பலருக்குப் பதிவு அலுவலகத்தின் நினைவு வருகிறது. அந்த வரிசைதான் முதல் தவறு. தன் கையால் ஒருவர் கட்டிய கார் சாலைச் சான்று கிடைக்காமல் கொட்டகையில் முடங்கிக் கிடப்பதற்குப் பொறியியல் குறை மட்டுமே காரணமாக இருப்பதில்லை. கட்டுவதற்கு முன்பே கேட்டு வாங்கியிருக்க வேண்டிய ஒரு கடிதமோ, தகட்டை மூடுவதற்கு முன் எடுத்திருக்க வேண்டிய ஒரு புகைப்படமோ, குப்பைக்குப் போய்விட்ட ஒரு ரசீதோ காரணமாக இருக்கும். வாகனத்தில் உள்ள குறையை மறுபடி வெல்டிங் செய்து சரிசெய்துவிடலாம். நடந்து முடிந்த வேலைக்கு ஆதாரத்தைப் பின்னாளில் உருவாக்க முடியாது.

இந்த நடைமுறை ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதை முதலில் புரிந்துகொண்டால், பின்னர் வரும் எரிச்சல்களில் பாதி குறையும். வாகனச் சட்டங்கள் தொழிற்சாலையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. 1958ஆம் ஆண்டு ஜெனீவாவில் கையெழுத்தான ஐ.நா. ஒப்பந்தத்தைப் பின்பற்றும் நாடுகளில், தயாரிப்பாளர் ஒரு மாதிரி வாகனத்தைச் சோதனைக்கு ஒப்படைத்து, அது தேறியதும் அதே அச்சில் வரும் இலட்சக்கணக்கான வாகனங்களுக்கும் சேர்த்து வகை ஒப்புதல் பெற்றுவிடுகிறார். அமெரிக்காவில் அரசு முன்கூட்டி ஒப்புதல் தருவதில்லை. தயாரிப்பாளரே தம் வாகனம் கூட்டாட்சிப் பாதுகாப்புத் தரங்களுக்கு இணங்குகிறது என்று சான்றளித்து, அதற்கான பொறுப்பையும் ஏற்கிறார். இரண்டு முறைகளிலும் அரசு நம்பிச் சாய்வதற்குப் பின்னால் ஒரு நிறுவனம், ஓர் ஆய்வுக்கூடம், ஒரு தரக் கட்டுப்பாட்டுத் துறை ஆகியவை இருக்கின்றன. தனியாகக் கட்டியவருக்குப் பின்னால் அவை எதுவும் இல்லை. ஆகவே மேசைக்கு அப்பால் இருக்கும் அதிகாரி, வழக்கமாக ஒரு தொழிற்சாலை சுமக்கும் பொறுப்பைத் தன் ஒற்றைக் கையொப்பத்தால் சுமக்கும்படி கேட்கப்படுகிறார். அவர் தயங்குவது பெரும்பாலும் விரோதத்தால் அன்று. அவர் அச்சமின்றிக் கையெழுத்திடக்கூடிய ஒரு கோப்பை அவர் முன் வைப்பதே இந்த வேலையின் சாரம். கீழே சொல்லப்படும் ஒவ்வொன்றும் அந்த நோக்கத்துக்கு உட்பட்டது.

முதற்கேள்வி: இது என்ன வாகனம்?

நீங்கள் கட்டுவது புதிய வாகனமா, பழைய வாகனத்தின் மறுகட்டுமானமா, மாற்றம் செய்யப்பட்ட வாகனமா என்பதைத் தீர்மானிப்பது உங்கள் எண்ணம் அல்ல. அந்தந்த நாட்டின் வரையறை. அந்த வரையறையைப் பொறுத்தே எந்தச் சோதனை, எந்த ஆண்டின் தரம், எந்தப் படிவம் என்பவை எல்லாம் அமைகின்றன. ஒரே வேலையை ஓர் அங்குலம் கூட்டியோ குறைத்தோ செய்வதால் வாகனம் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்குத் தாவிவிடலாம்.

பிரிட்டனில் நெடுங்காலம் பயன்படுத்தப்பட்ட புள்ளி முறை இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. பழைய வாகனத்திலிருந்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அளக்க, மாற்றப்படாத சேஸிஸுக்கு (வாகனத்தின் அடிச்சட்டத்துக்கு) 5 புள்ளிகள், சஸ்பென்ஷன், ஆக்சில்கள், கியர்பாக்ஸ் அமைப்பு, ஸ்டியரிங் ஆகிய நான்குக்கும் தலா 2 புள்ளிகள், எஞ்சினுக்கு 1 புள்ளி என்று கணக்கிடப்பட்டது. 8 புள்ளிகளாவது எட்டினால்தான் பழைய பதிவு எண்ணைத் தக்கவைக்க முடிந்தது. எஞ்சினே வாகனத்தின் உயிர் என்று கட்டுபவர் நினைக்க, விதி அதற்கு ஒற்றைப் புள்ளியும் சேஸிஸுக்கு ஐந்து புள்ளிகளும் கொடுத்ததைக் கவனியுங்கள். சேஸிஸை ஓர் இடத்தில் வெட்டி நீட்டினாலே அந்த ஐந்தும் போய், வாகனம் புதிதாக ஒப்புதல் பெற வேண்டிய ஒன்றாகிவிட்டது. இத்தகைய விதிகள் அவ்வப்போது மாறுகின்றன என்பதால், நடப்பிலுள்ள வாசகத்தைத் தேதியோடு அச்சிட்டுக் கோப்பிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

மற்ற நாடுகளில் கோடு வேறு இடத்தில் விழுகிறது. ஜெர்மனியின் சாலைப் போக்குவரத்து அனுமதி ஆணையின் 19ஆம் பிரிவின்படி, ஒப்புதல் பெற்ற வாகனத்தில் வகையை மாற்றும், ஆபத்தை உண்டாக்கக்கூடிய, அல்லது புகையையும் ஒலியையும் மோசமாக்கும் மாற்றம் செய்யப்பட்டால் அதன் இயக்க அனுமதியே இரத்தாகிவிடும். தனி வாகனத்துக்கு அனுமதி கேட்பவர் 21ஆம் பிரிவின் கீழ் அங்கீகரிக்கப்பட்ட வல்லுநரின் அறிக்கையோடு வர வேண்டும். இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில், பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகவே உறுதிசெய்தது. புதிய வாகனமாகப் போக நினைத்தாலோ, 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126ஆம் விதி, முன்மாதிரியைப் புனேயில் உள்ள இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம் (ஏ.ஆர்.ஏ.ஐ.) போன்ற குறிப்பிட்ட சோதனை நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கச் சொல்கிறது. தொழிற்சாலைக்காக எழுதப்பட்ட அந்த வழியில் தனியொருவர் நடப்பது மிகக் கடினம். இதற்கு நேர்மாறாக, நியூசிலாந்தில் குறைந்த எண்ணிக்கை வாகனங்களுக்கென்றே ஒரு தொழில்நுட்பச் சங்கமும் அதன் சான்றாளர்களும் இருக்கிறார்கள். ஸ்வீடனில் வாகனம் கட்டுவோரின் தேசிய அமைப்பு தானே முன்னாய்வு செய்கிறது. உங்கள் நாட்டில் தனிவாகன வழி என்று ஒன்று இருக்கிறதா, இல்லையா என்பதை முதல் இரும்புக் குழாயை வாங்குவதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். இல்லையென்றால், பதிவு பெற்ற வாகனத்தை அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் மாற்றுவதோ, மூடிய களத்தில் மட்டும் ஓட்டுவதோதான் நேர்மையான தெரிவுகள்.

இன்னொரு வழியைச் சிலர் தயங்காமல் பரிந்துரைப்பார்கள்: பழைய வாகனம் ஒன்றின் எண் தகட்டைப் புதிய சேஸிஸில் பொருத்தி, பழைய பதிவிலேயே ஓட்டிவிடலாம் என்பார்கள். பல நாடுகளில் இது குற்றம். குற்றமாகப் பிடிபடாத நாட்களிலும்கூட, விபத்து நேரும்போது காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்க அது போதுமான காரணமாகும். அந்த வழியை இங்கு விளக்கப் போவதில்லை.

எழுதிக் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள்

வகை ஏறத்தாழத் தெரிந்ததும் பதிவு அதிகாரத்துக்கும் ஆய்வு நிறுவனத்துக்கும் தனித்தனியே ஒரு கடிதம் எழுதுங்கள். இவை இரண்டும் பல நாடுகளில் வெவ்வேறு அமைப்புகள் என்பதும், ஒன்றின் பதில் மற்றதைக் கட்டுப்படுத்தாது என்பதும் புதியவர்களுக்குத் தெரிவதில்லை. பிரிட்டனில் சோதனை செய்வது ஒரு முகமை, பதிவு செய்வது இன்னொரு முகமை. சோதனையில் தேறிய வாகனம் பதிவில் ஆவணக் குறையால் நின்றுபோவது அங்கு இயல்பானதுதான்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இருக்கைகளின் எண்ணிக்கை, உத்தேச எடை, நீள அகல உயரம், எஞ்சின் எந்த வாகனத்திலிருந்து வருகிறது, சேஸிஸ் புதிதா பழையதா என்பவற்றைச் சொல்லி, ஒரு எளிய வரைபடத்தையும் இணைத்து, நான்கு கேள்விகளை மட்டும் எண்ணிட்டுக் கேளுங்கள்: இது எந்த வகையில் சேரும், எந்த ஆண்டின் பாதுகாப்புத் தரமும் புகைத் தரமும் பொருந்தும், அடையாள எண்ணை யார் ஒதுக்குவார்கள், எந்தெந்த ஆவணங்களோடு யாரிடம் ஆய்வுக்கு வர வேண்டும். 'நான் இதைக் கட்டலாமா' என்று பொதுவாகக் கேட்டால், 'விதிகளுக்கு உட்பட்டுக் கட்டலாம்' என்ற பயனற்ற பதிலே வரும். தொலைபேசியில் கிடைத்த உறுதியை ஆவணமாகக் கருதாதீர்கள். பேசியவர் மாற்றலாகிப் போவார், புதியவர் வேறு பொருள் கொள்வார். பேசித்தான் ஆக வேண்டுமென்றால், பேசிய அன்றே 'தாங்கள் இவ்வாறு கூறியதாகப் புரிந்துகொண்டேன், தவறெனில் திருத்தவும்' என்று மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். பதில் வராவிட்டாலும், கேட்டதற்கான தேதியிட்ட தடயம் இருக்கும்.

சட்டம் வந்துவிட்டது என்பதாலேயே வழி திறந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். பழைய கார்களின் தோற்றத்தில் ஆண்டுக்கு 325 வாகனங்கள் வரை செய்யும் சிறு தயாரிப்பாளர்களுக்கு விலக்களிக்கும் சட்டம் அமெரிக்காவில் 2015 டிசம்பரில் நிறைவேறியது. அதைச் செயல்படுத்தும் இறுதி விதிகள் 2022இல்தான் வெளிவந்தன. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளும் சட்டம் இருந்தது, விண்ணப்பிக்க வழிதான் இல்லை.

அடையாள எண்ணும் உறுப்புகளின் பிறப்பும்

வாகன அடையாள எண் 17 இடங்களைக் கொண்டது. ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள் அதில் வரக்கூடாது. ஒன்று, சுழி ஆகிய இலக்கங்களோடு குழம்பிவிடும் என்பதே காரணம். முதல் மூன்று இடங்கள் தயாரிப்பாளரைக் குறிக்கின்றன, சிறு தயாரிப்பாளருக்கு அவற்றில் மூன்றாவது 9 என்று அமையும். வட அமெரிக்காவில் ஒன்பதாவது இடம் கணக்கிட்டுச் சரிபார்க்கும் இலக்கம் என்பதால், மனம்போல் எழுதிய எண்ணைக் கணினி அங்கேயே நிராகரித்துவிடும். தனியாகக் கட்டியவர் எண்ணைத் தானே இயற்றக்கூடாது. கிட் காராக (தொகுப்பாக விற்கப்படும் பாகங்களைக் கொண்டு கட்டும் காராக) இருந்தால் அதை விற்றவர் கொடுத்த எண் இருக்கலாம். இல்லையென்றால் பதிவு அதிகாரம் ஒன்றை ஒதுக்கும். ஒதுக்கப்பட்ட எண்ணை, பின்னர் கழற்றக்கூடிய பலகத்தில் அல்லாமல், சேஸிஸின் நிலையான பகுதியில், எஞ்சினையோ இருக்கையையோ அகற்றாமலே படிக்கக்கூடிய இடத்தில் பொறிக்க வேண்டும். பெயிண்ட் அடிப்பதற்கு முன் பொறித்து, மெல்லிய பூச்சு மட்டும் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணுக்கு அடுத்து அதிகாரியை உறுத்துவது உறுப்புகளின் பிறப்பு. திருடப்பட்ட வாகனங்கள் உதிரிகளாகி, 'கையால் கட்டியது' என்ற பெயரில் மறுபிறவி எடுத்துவிடக் கூடாது என்பது அவருடைய கவலை, நியாயமான கவலைதான். எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில்கள், ஸ்டியரிங், சேஸிஸ் ஆகிய ஒவ்வொன்றுக்கும் யாரிடமிருந்து, எப்போது, எந்த வாகனத்திலிருந்து வாங்கப்பட்டது என்று காட்டும் ரசீது வேண்டும். அந்த ரசீதில் உறுப்பின் வரிசை எண் எழுதப்பட்டிருக்க வேண்டும். 'ஓர் எஞ்சின்' என்று மட்டும் எழுதிய ரசீதால் பயனில்லை. பழைய உதிரிச் சந்தையில் வாங்கும்போது, விற்பவரின் முகவரியும் கையொப்பமும், மூல வாகனத்தின் பதிவுச் சான்று நகலும், அது முறைப்படி பதிவுநீக்கம் செய்யப்பட்டதற்கான ஆதாரமும் அதே இடத்தில் வாங்கிவிடுங்கள். எண் தேய்க்கப்பட்ட எஞ்சின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதைத் தொடாதீர்கள்.

உறுப்புகள் எத்தனை மூலங்களிலிருந்து வருகின்றன என்பதும் பதிவை மாற்றக்கூடும். பிரிட்டனில் ஒரே மூல வாகனத்திலிருந்து இரண்டு பெரிய உறுப்புகளை எடுத்துப் புதிய சேஸிஸில் பொருத்திய கிட் காருக்கு அந்த மூல வாகனத்தின் வயதை ஒட்டிய பதிவு எண் கிடைக்கும்; எல்லாம் புதிது, ஒன்று மட்டும் புதுப்பிக்கப்பட்டது என்று நிரூபித்தால் நடப்பாண்டு எண் கிடைக்கும்; வயதும் மூலமும் தெளிவில்லாத வாகனத்துக்கு, 1983 முதல், கியூ எழுத்தில் தொடங்கும் எண் தரப்படுகிறது. கியூ எண் இழுக்கு அல்ல என்று சிலர் சொல்வார்கள். இருந்தாலும் அது மறுவிற்பனையிலும் காப்பீட்டிலும் அந்த வாகனத்தைத் தொடர்ந்து வரும். ஐந்து கடைகளில் மலிவாகப் பொறுக்கிச் சேர்ப்பதைவிட, முறையான ஆவணங்களோடு ஒரே மூல வாகனத்தை முழுதாக வாங்குவது இறுதியில் இலாபம்.

எஞ்சினின் வயது

வாகனத்துக்கு இன்றைய புகைத் தரமா, எஞ்சின் செய்யப்பட்ட ஆண்டின் தரமா என்பது, தேர்வை எளிதாகவோ இயலாததாகவோ ஆக்கும் ஒற்றைக் கேள்வி. பழைய எஞ்சினுக்குச் சலுகை தரும் நாடுகளிலும், அதன் வயதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. ஆதாரம் இல்லாத எஞ்சினை இன்று பிறந்ததாகவே கொண்டு சோதிக்க வாய்ப்புண்டு. புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி இல்லாத பழைய எஞ்சின் அதில் தேறாது. எனவே எஞ்சின் எண்ணைக் குறிப்பிட்டு, அது தயாரான ஆண்டை உறுதிப்படுத்தும் கடிதத்தை அதன் தயாரிப்பாளரிடமிருந்து முன்கூட்டியே பெறுங்கள். கலிஃபோர்னியாவில் தனியாகக் கட்டிய வாகனங்களுக்கு எஞ்சினின் ஆண்டையோ உடல் ஒத்திருக்கும் மாதிரியின் ஆண்டையோ தெரிவுசெய்யும் வாய்ப்பு ஒவ்வொரு நாட்காட்டி ஆண்டிலும் முதல் 500 வாகனங்களுக்கு மட்டுமே உண்டு. அங்கே ஜனவரியின் முதல் நாட்களைத் தவறவிடுவது ஓராண்டைத் தவறவிடுவதற்குச் சமமாகலாம்.

மின்மோட்டாருக்கு மாறினால் புகைச் சிக்கல் போய்விடும், ஆனால் கோப்பு மெலியாது. மின்வாகனப் பாதுகாப்புக்கான ஐ.நா. 100ஆம் விதி, உயர் மின்னழுத்தப் பகுதிகளைக் கைவிரல் தொட முடியாத வண்ணம் மறைக்கவும், கம்பிகளின் மேலுறையை ஆரஞ்சு நிறத்தில் வைக்கவும், நேர்மின்னோட்ட (டி.சி.) சுற்றில் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் குறைந்தது 100 ஓம் காப்புத்தடை இருப்பதை உறுதிசெய்யவும் கோருகிறது. மின்கலத்துக்குச் சோதனை அறிக்கை கேட்பார்கள். பிரித்தெடுத்த செல்களைக் கொண்டு வீட்டில் கட்டிய மின்கலத்துக்கு அத்தகைய அறிக்கை இருக்காது. ஆகவே அறிக்கையோடு வரும் மின்கலத்தை மட்டும் வாங்குங்கள்.

ஆய்வாளர் எங்கே கைவைப்பார்

ஆய்வுக் கையேடு வெளியிடப்படும் நாடுகளில் அதை வடிவமைப்பு நூலாகவே பயன்படுத்த வேண்டும்; கட்டி முடித்தபின் ஒப்பிட்டுப் பார்க்கும் பட்டியலாக அதை வைத்துக்கொள்வது தாமதமான ஞானம். எல்லா உருப்படிகளையும் இங்கே சொல்ல இயலாது. ஆனால் தொழிற்சாலை வாகனத்தில் ஒருபோதும் கேள்வியே எழாத சில இடங்கள் தனிவாகனத்தில் திரும்பத் திரும்பத் தடுக்கின்றன.

முதலாவது, பிரேக்கின் பங்கீடு. ஒரு கனமான காரின் பிரேக்கை எடுத்து இலகுவான புதிய உடலில் பொருத்தும்போது, முன்பின் எடை விகிதம் மாறிவிடுவதால், முன்சக்கரங்களுக்கு முன்பே பின்சக்கரங்கள் இறுகி நின்றுவிடலாம். பின்சக்கரம் முதலில் இறுகினால் வாகனம் நேர்கோட்டை விட்டுச் சுழலும் என்பதால் ஆய்வாளர் இதில் விட்டுக்கொடுக்க மாட்டார். மூல வாகனத்தில் சரியாக இருந்த பிரேக் இங்கு ஏன் தவறுகிறது என்று அவரோடு வாதிடுவது வீண். எடைமேடையில் ஒவ்வொரு ஆக்சிலின் சுமையையும் வெறுமையாகவும் ஆட்களோடும் தனித்தனியே எடுத்து, அதைக் கொண்டு அழுத்தப் பங்கீட்டைக் கணக்கிட்டு, அந்தத் தாளையும் கோப்பில் சேருங்கள். பங்கீட்டை மாற்றும் திருகு ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் அதுவே ஒரு குறையாகலாம், ஆகவே சரிசெய்தபின் அதைப் பூட்டிவிடுங்கள்.

இதே எடைக் கணக்கு இன்னொரு இடத்திலும் உதவும். வாகனத்தின் அதிகபட்ச எடையையும் ஒவ்வொரு ஆக்சிலின் அதிகபட்சச் சுமையையும் தயாரிப்பாளர் அறிவிக்க வேண்டும். இங்கே தயாரிப்பாளர் நீங்கள்தான். ஆளுக்கு 75 கிலோ என்ற வழக்கமான கணக்கோடு, நிரம்பிய எரிபொருளையும் பெட்டிகளையும் சேர்த்துப் பாருங்கள். அறிவிக்கும் எண் டயரின் பக்கத்தில் அச்சிடப்பட்ட சுமைக் குறியீட்டையும் மூல ஆக்சிலின் தாங்குதிறனையும் மீறக்கூடாது.

இரண்டாவது, கூர்மையான விளிம்புகள். பிரிட்டனின் தனிவாகனச் சோதனையில், 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை தொடக்கூடிய வெளிப்புற விளிம்பு ஒவ்வொன்றும் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவாக இருக்க வேண்டும். உட்புறத்தில் பயணியின் தலை மோதக்கூடிய பகுதிகளுக்கும் இத்தகைய அளவுகள் உண்டு. கண்ணாடிப் பிடி, மட்கார்டின் ஓரம், சஸ்பென்ஷன் கைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட், டேஷ்போர்டின் சுவிட்ச் என்று ஆய்வாளர் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பார். இதற்காகவே ரப்பர் ஓரப்பட்டைகளை ஒட்டிக்கொண்டு போய், தேறியதும் வழியிலேயே உரித்தெறிபவர்கள் உண்டு. அவை நிலையாகப் பொருத்தப்பட வேண்டியவை என்பதும், உரித்தெறிந்த அன்றே அந்தச் சான்று விவரிக்கும் வாகனம் இல்லாமற்போகிறது என்பதும் அவர்களுக்குத் தெரியாமலில்லை.

மூன்றாவது, குறியில்லாத பாகங்கள். ஐ.நா. விதிகளின்படி ஒப்புதல் பெற்ற விளக்கு, கண்ணாடி, சீட் பெல்ட், டயர் ஆகியவற்றில் வட்டத்துக்குள் ஆங்கில 'இ' எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண் ஒப்புதல் தந்த நாட்டைக் காட்டும், 1 என்றால் ஜெர்மனி, 2 என்றால் பிரான்ஸ், 11 என்றால் பிரிட்டன். முன்கண்ணாடியைத் தனியாக வெட்டி வாங்குபவர்கள் இங்குதான் மாட்டிக்கொள்கிறார்கள்: கண்ணாடி தரமானதாகவே இருந்தாலும் வாகனக் கண்ணாடிக்கான ஐ.நா. 43ஆம் விதியின் குறி அதில் இல்லையென்றால் ஆய்வாளருக்கு அது வெறும் கண்ணாடி. முடிந்தவரை, சந்தையில் உள்ள ஒரு வாகனத்தின் முன்கண்ணாடியைத் தெரிவுசெய்து, அதைச் சுற்றி உடலை வடிவமையுங்கள். முகப்பு விளக்குகளும் இடப்பக்கப் போக்குவரத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என்று வேறுபடும். தாழ்ந்த ஒளி எதிரே வருபவர் கண்ணில் விழும்படி அமைந்தால் தேறாது. விளக்கின் உயரம், ஓரத்திலிருந்து அதன் தூரம், இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறைக்குள் சிமிட்டுவது ஆகியவை 48ஆம் விதி சார்ந்தவை. அளவுநாடா ஒன்று இருந்தால் பட்டறையிலேயே சரிபார்த்துவிடலாம்.

சீட் பெல்ட் பிணைப்புகள் தனியே கவனம் கோருபவை. மூன்று முனைப் பெல்ட் ஒன்றின் பிணைப்புகள், தோள் பட்டியிலும் இடுப்புப் பட்டியிலும் ஒரே நேரத்தில் தலா ஏறத்தாழ 1,350 கிலோ எடைக்குச் சமமான இழுவையைத் தாங்க வேண்டும் என்பது கார்களுக்கான சர்வதேசச் சோதனையின் அளவு. உங்கள் ஒரே வாகனத்தை அப்படி இழுத்துச் சோதித்தால் வாகனம் மிஞ்சாது. எனவே ஆய்வாளர் தடிமனான தகடு, வெல்டிங்கின் தன்மை, சேஸிஸோடு உள்ள இணைப்பு ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தும், கணக்கீட்டைக் கேட்டும்தான் முடிவெடுப்பார். அந்த இடம் கம்பளத்துக்குக் கீழே மறைந்துவிட்டால் அவர் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. மூடுவதற்கு முன், அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுத்த படங்களே அங்கு பேசும்.

ஸ்டியரிங் திருப்பிவிட்டால் தானாக நடுவுக்குத் திரும்ப வேண்டும் என்பதும், வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்பதும் சிறியவைபோல் தோன்றி ஆளைத் திருப்பி அனுப்பும் இரு குறைகள். சக்கர அளவை மாற்றியவர்கள் வேகமானியை மறந்துவிடுவது வழக்கம். நின்ற நிலையில் ஒலியை அளக்கும்போது, மைக்ரோஃபோன் புகைக்குழாயின் வாயிலிருந்து அரை மீட்டர் தூரத்தில், 45 பாகைக் கோணத்தில் வைக்கப்படும்; அதே முறையில் நீங்களே முன்கூட்டி அளந்து பார்த்துவிடலாம்.

பொறியாளரின் கையொப்பம்

பல நாடுகளில் ஆய்வாளருக்கு முன் ஒரு பொறியாளர் வர வேண்டும். ஆஸ்திரேலியாவில், இலகு ரக வாகனங்களைக் கட்டுவதற்கான தேசிய நடைமுறைத் தொகுப்பின்படி, தனியாகக் கட்டிய வாகனத்தின் சேஸிஸை முறுக்கியும் வளைத்தும் அதன் விறைப்பை அளந்து, மாநிலம் அங்கீகரித்த பொறியாளர் அறிக்கை தர வேண்டியிருக்கும். இங்கே அடிக்கடி நேரும் தவறு ஒன்றுதான்: வாகனத்தை முடித்தபின் பொறியாளரைத் தேடுவது. தான் பார்க்காத வெல்டிங்குக்கு நல்ல பொறியாளர் கையெழுத்திட மாட்டார். பார்க்காமலே கையெழுத்திடுபவரின் தாளுக்கு அலுவலகத்தில் மதிப்பிருக்காது. வரைபட நிலையில் ஒருமுறை, சேஸிஸ் பெயிண்ட் பூசாமல் நிற்கும்போது ஒருமுறை, முடிவில் ஒருமுறை என்று மூன்று வருகைகளுக்கு ஒப்பந்தம் பேசிக்கொள்ளுங்கள். குழாயின் உலோகத் தரச் சான்று, வெல்டிங் செய்தவரின் தகுதிச் சான்று ஆகியவற்றை முதல் வருகையிலேயே அவரிடம் கொடுங்கள். அவர் பெயர் அங்கீகாரப் பட்டியலில் இன்றும் இருக்கிறதா, இவ்வகை வாகனத்துக்குக் கையெழுத்திட அவருக்கு அதிகாரம் உண்டா என்பதை நீங்களே பார்த்துக்கொள்வது நாகரிகக் குறைவு அல்ல.

ஆய்வு நாளும் அதற்கு முன்னும்

பதிவில்லாத வாகனத்துக்குக் காப்பீடு இல்லை, காப்பீடு இல்லாமல் சாலையில் ஏறக்கூடாது, சாலையில் ஏறாமல் ஆய்வு மையத்தை அடைய முடியாது, ஆய்வு இல்லாமல் பதிவில்லை. இந்த வட்டத்தை உடைக்க ஒவ்வொரு நாட்டிலும் ஏதாவது ஒரு வாசல் வைத்திருப்பார்கள்: தற்காலிகப் பதிவு எண்ணாக இருக்கலாம், அல்லது முன்பதிவு செய்த ஆய்வுக்குப் போய்வர மட்டுமான விலக்காக இருக்கலாம். பிரிட்டனில் சேஸிஸ் எண்ணைக் கொண்டே காப்பீடு எடுத்து, முன்பதிவு செய்த சோதனைக்கு ஓட்டிச் செல்லலாம். வாசல் எதுவும் தெளிவாக இல்லாத இடத்தில் வாகனத்தை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய்விடுங்கள்.

முன்பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது படிவத்தில் எழுதும் ஒவ்வொரு விவரமும், கோப்பில் உள்ள மற்ற தாள்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஒரு தாளில் எஞ்சின் கொள்ளளவு 1,598 என்றும் இன்னொன்றில் 1,600 என்றும் இருந்தால், வாகனத்தைப் பார்க்காமலேயே கோப்பைத் திருப்பி அனுப்ப அது போதும். பயன்பாட்டின் பெயர், நிறம், எரிபொருள், இருக்கை எண்ணிக்கை ஆகியவற்றுக்கு அலுவலகம் பயன்படுத்தும் சொல்லையே பயன்படுத்துங்கள். அழகான சொல்லைத் தேட வேண்டாம்.

ஆய்வன்று வாகனம் கழுவப்பட்டும், அடிப்பகுதி துடைக்கப்பட்டும், மூடிகளைத் திறக்கும் கருவிகளோடும் இருக்கட்டும். கோப்பில் முதற்பக்கம் உள்ளடக்கப் பட்டியல், பிறகு அனுமதிக் கடிதங்கள், எண் சார்ந்த ஆவணங்கள், ரசீதுகள், பொறியாளர் அறிக்கை, படங்கள் என்ற வரிசை நன்று. மூலங்களைக் காட்டுங்கள், நகல்களைக் கொடுங்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். கேட்காத மாற்றங்களைப் பெருமையோடு விவரிப்பவர்கள் புதிய கேள்விகளைத் தாங்களே வரவழைத்துக்கொள்கிறார்கள். அதற்காக எதையும் மறைக்கவும் வேண்டாம். கேட்ட கேள்விக்கு விடை தெரியாவிட்டால், எழுதித் தருவதாகச் சொல்லித் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் முறையே தேறாமற்போவது அதிசயமன்று. தேறாத உருப்படிகளை விதி எண்ணோடு எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மறுஆய்வு அந்த உருப்படிகளுக்கு மட்டுமா, முழு வாகனத்துக்குமா, எத்தனை நாட்களுக்குள் என்பதையும் அங்கேயே உறுதிசெய்யுங்கள். ஆய்வாளர் விதியைத் தவறாகப் பொருள்கொண்டார் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் மேல்முறையீடு செய்யுங்கள். அதற்கான கால எல்லை குறுகியதாக இருக்கும், மேல்முறையீடு முடியும்வரை அந்தப் பாகத்தைத் தொடவும் கூடாது. அரைமணி நேரத்தில் திருத்திவிடக்கூடிய குறைக்காக மாதக்கணக்கில் வழக்காடுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை.

சான்று வந்த பிறகு

ஒப்புதல் சான்று பதிவு அல்ல. சான்றைக் கொண்டு பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது, அதே ரசீதுகளும் படங்களும் இன்னோர் அலுவலகத்துக்குப் புதிதாகப் போக வேண்டும். ஆகவே மூலங்களை முதல் அலுவலகத்திலேயே விட்டுவிடக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தேசியத் தனிவாகன ஒப்புதல் அதைத் தந்த நாட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும், வேறு உறுப்பு நாட்டுக்குக் குடிபெயர்ந்தால் அங்குள்ள அதிகாரம் அந்த விதிகளைத் தன் விதிகளோடு ஒப்பிட்டு ஏற்கவோ மறுக்கவோ செய்யும். வாகனத்தோடு இடம்பெயரும் எண்ணம் இருப்பவர்கள் இதை முதல் நாளே கணக்கில் கொள்ள வேண்டும்.

காப்பீட்டு நிறுவனத்திடம் 'தனியாகக் கட்டப்பட்டது' என்பதை எழுத்தில் தெரிவித்து, வாகனத்தின் மதிப்பையும் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட தொகையாகக் குறிக்கச் சொல்லுங்கள்; சந்தை விலை என்று ஒன்று உங்கள் வாகனத்துக்கு இல்லை. பின்னாளில் எஞ்சினையோ சக்கரத்தையோ மாற்ற நினைத்தால், மாற்றுவதற்கு முன் மறுபடி அந்த ஒரு பக்கக் கடிதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பதிவுச் சான்று கைக்கு வந்த அன்று, அலுவலக வாசலை விட்டு இறங்குவதற்கு முன், அதில் உள்ள 17 இடங்களையும் சேஸிஸில் பொறித்த எண்ணின் புகைப்படத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். 8 இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்து பி அச்சாகியிருந்தால், அன்றே திருத்துவது ஒரு விண்ணப்பத்தோடு முடியும். மூன்றாண்டுகள் கழித்து விற்கும்போது கண்டுபிடித்தால், அது எந்த வாகனம் என்பதை முதலிலிருந்து நிரூபிக்க வேண்டியிருக்கும்.